ஆர்ட்டிசோக் காலத்தில் ரோம்: சாப்பாட்டுக்காகக் குடும்பத்தோடு ஒரு பயணம்

ரோமுக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் கொலோசியம், வத்திக்கான், த்ரேவி நீரூற்று என்று பார்க்கவேண்டியவற்றை முதலில் எழுதிக்கொண்டு, சாப்பாட்டை நடுவில் கிடைக்கும் இடைவெளியில் செருகிவிடுகின்றன. நடந்து களைத்து, மதியம் மூன்று மணிக்குக் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கும்போது, வாசலில் படம் போட்ட மெனுவைக் காட்டி அழைக்கிற கடையில்தான் உட்கார வேண்டியிருக்கும். நல்ல உணவகங்களின் சமையலறை அதற்குள் மூடியிருக்கும்.

இந்தக் கட்டுரை வரிசையைத் தலைகீழாக வைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு நாளும் மதியம் எங்கே, என்ன சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள கோயிலையும் இடிபாட்டையும் அதற்கு முன்னும் பின்னும் வையுங்கள். ரோமின் பழைய பகுதியில் எந்தத் தெருவில் நின்றாலும் பக்கத்தில் பார்க்க ஏதாவது இருக்கும். நல்ல மதியச் சாப்பாடுதான் எல்லாத் தெருவிலும் கிடைக்காது.

முதல் வேலை: எந்த வாரம் என்று தீர்மானிப்பது

ரோமின் வசந்தம் காய்கறிகளின் காலம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் முடிய உருண்டையான, முள்ளில்லாத ரோம ஆர்ட்டிசோக், அதாவது காயாகச் சமைக்கும் இதழடுக்குப் பூமொட்டு, சந்தையில் குவிந்திருக்கும். கசப்பும் மொறுமொறுப்புமான புந்தாரெல்லே கீரைத்தண்டு குளிர்காலத்தில் தொடங்கி மார்ச் வாக்கில் விடைபெறும். ஏப்ரலில் பச்சைப் பட்டாணி, அஸ்பாரகஸ், ஃபாவே எனப்படும் பெரிய அவரை ஆகியவை வந்து சேரும். மே மாதம் ஸ்ட்ராபெர்ரிக்கும் ஃபாவேக்கும் உரியது. ஆர்ட்டிசோக்கும் பட்டாணியும் ஃபாவேயும் ஒரே நேரத்தில் கிடைப்பது ஏப்ரலில் சில வாரங்கள் மட்டுமே. பள்ளிக்கூடம் விட்டுக்கொடுத்தால், ஏப்ரலின் நடுப்பகுதியைப் பிடியுங்கள். பகலில் ஏறக்குறைய 19 டிகிரி, இரவில் 8, 9 டிகிரிக்கு இறங்கும். ஒரு நாளாவது மழை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தேர்வு முடிந்துதான் கிளம்ப முடியும் என்பவர்களுக்கு ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும்தான் வாய்க்கும். தப்பில்லை. ஆனால் ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள். இரண்டும் பொது விடுமுறை. மே 1 அன்று பஸ்ஸும் மெட்ரோவும் குறைவாகவே ஓடும், கடைகள் பல மூடியிருக்கும். அன்று ரோமக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே புல்வெளியில் உட்கார்ந்து, பச்சை ஃபாவேயை உரித்து உரித்து, பெகொரினோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸோடு தின்பது வழக்கம். நீங்களும் முந்தைய நாளே சந்தையில் இரண்டையும் வாங்கிவைத்துக்கொண்டு, வில்லா போர்கேசே பூங்காவுக்குப் போய்விடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குடும்பத்தில் யாருக்காவது ஜி6பிடி நொதிக் குறைபாடு இருந்தால் ஃபாவேயைத் தொடவே கூடாது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பச்சையாகத் தின்பது மட்டுமல்ல, சமைத்ததும் ஆகாது. இத்தாலியக் கடைகள் சிலவற்றில் ‘இங்கே ஃபாவே விற்கப்படுகிறது’ என்று வாசலில் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அது விளம்பரம் அல்ல, இந்த நோய் உள்ளவர்களுக்கான அறிவிப்பு.

ஈஸ்டர் வாரத்தைப் பற்றி யோசித்து முடிவெடுங்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. அந்த வாரம் உலகமே ரோமில் இருக்கும், அறை வாடகையும் ஏறும். ஈஸ்டர் ஞாயிறு மதியம் பல உணவகங்கள் நிர்ணயித்த மெனு ஒன்றை மட்டுமே பரிமாறும். இளம் ஆட்டுக்குட்டி இறைச்சி அதில் தவறாமல் இருக்கும். மறுநாள் திங்கள்கிழமையும் விடுமுறை. புலால் உண்ணும் குடும்பமாக இருந்து, முன்பதிவும் செய்துவிட்டால் அது நல்ல அனுபவம். காய்கறிக்காகப் போகிறவர்கள் ஈஸ்டர் கழிந்து ஒரு வாரம் விட்டுப் போவது மேல்.

இன்னொரு தேதியையும் பாருங்கள். யூதர்களின் பாஸ்காப் பண்டிகை நாட்களில் ரோமின் பழைய யூதக் குடியிருப்பில் உள்ள ரொட்டிக் கடைகள் மூடியிருக்கும். 2027இல் அது ஏப்ரல் 21 மாலை தொடங்கி 29 வரை.

காகித வேலைகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாக விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. விதி அப்படி இருந்தாலும், வசந்தத்துக்கு முந்தைய மாதங்களில் நேர்முகத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. டிசம்பர், ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45 யூரோ, அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் இந்த விசா வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து போகிறவர்கள் தோகா, துபாய் போன்ற வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போவது வழக்கம். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் முகப்படமும் விரல்ரேகையும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. 12 வயதுக்குட்பட்டவர்களிடம் விரல்ரேகை எடுப்பதில்லை. இதனால் வரிசை நீளலாம். எனவே வந்து இறங்கும் நாளில் எந்த உணவகத்திலும் மேசை பதிவு செய்யாதீர்கள். அன்றைக்குத் தங்குமிடத்துக்குப் பக்கத்துப் பிட்சா கடை போதும்.

தங்குமிடம்: டெஸ்டாச்சோவை முதலில் பாருங்கள்

புதிதாகப் போகிறவர்கள் மத்திய ரயில் நிலையமான தெர்மினியைச் சுற்றித்தான் அறை தேடுவார்கள். போக்குவரத்துக்கு அது வசதி. சாப்பாட்டுக்காகப் போகும் குடும்பத்துக்கு என் தேர்வு டெஸ்டாச்சோ. ஊரின் தெற்கே, டைபர் ஆற்றங்கரையில் உள்ள தொழிலாளர் குடியிருப்பு அது. 1891 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட பெரிய இறைச்சிக்கூடம் 1975 வரை இங்கே இயங்கியது. நல்ல கறித்துண்டுகள் பணக்காரர் வீடுகளுக்குப் போக, வால், குடல், ஈரல் போன்றவை தொழிலாளர்களின் அடுப்புக்கு வந்தன. ரோமின் புகழ்பெற்ற மாட்டுவால் குழம்பும் குடல் சமையலும் அந்த அடுப்புகளில் வளர்ந்தவை. இன்றும் இந்தத் தெருக்களில் பாட்டிகள் காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். மூடிய சந்தைக் கட்டடம், பிட்சா கடைகள், த்ராத்தொரியா எனப்படும் பழைய எளிய உணவகங்கள் எல்லாம் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு வேடிக்கை வேண்டுமென்றால், பக்கத்திலேயே 35 மீட்டர் உயரக் குன்று ஒன்று நிற்கிறது. பழைய ரோமர்கள் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த மண்சாடிகளை உடைத்து உடைத்துப் போட்டதில் உருவான குன்று அது.

ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து இங்கே வருவதும் எளிது. தெர்மினிக்கு நேராகப் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலுக்குத் தலைக்கு 14 யூரோ. அதை விட்டுவிட்டு, எஃப்எல்1 என்ற சாதாரண ரயிலில் 8 யூரோவுக்கு ஒஸ்தியென்சே நிலையத்தில் இறங்கினால், டெஸ்டாச்சோ நடக்கும் தூரம். நான்கு பேரும் பெட்டிகளுமாக இருந்தால் டாக்ஸியே வசதி. பழைய நகர மதிலுக்குள் எங்கே இறங்கினாலும் விமான நிலையத்திலிருந்து காருக்கு 55 யூரோ என்று நகராட்சி நிர்ணயித்திருக்கிறது. வெள்ளை நிற, கூரையில் டாக்ஸி பலகை உள்ள வண்டிகளில் மட்டும் ஏறுங்கள். வருகைக் கூடத்திலேயே கையைப் பிடித்து அழைக்கிறவர்களிடம் போகவேண்டாம்.

சமையலறை உள்ள வீடாக எடுங்கள். இது பணம் மிச்சப்படுத்துவதற்காக மட்டும் சொல்வதல்ல. அத்தனை காய்கறிகளைச் சந்தையில் பார்த்துவிட்டு, ஒன்றையும் சமைக்க முடியாமல் திரும்புவது பெரிய ஏக்கம். ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு நகர வரி ஒன்று தனியாகக் கட்டவேண்டியிருக்கும். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அது இல்லை. அந்த வயதுக்காரர்களுக்குப் பஸ், மெட்ரோவிலும் டிக்கெட் கிடையாது. பெரியவர்களுக்கு 100 நிமிட டிக்கெட் 1.50 யூரோ.

சைவம், அசைவம், நடுவில் உள்ளவை

கிளம்பும் முன்பு வீட்டில் உட்கார்ந்து, யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். ‘சைவம் கிடைக்குமா?’ என்ற கேள்விக்கு ரோம் தாராளமாகக் கிடைக்கும் என்று பதில் சொல்லும். ஆனால் நம் வீட்டுப் பாட்டி நினைக்கும் சைவம் வேறு.

ரோமின் நான்கு பெரிய பாஸ்தாக்களில் கார்போனாரா, அமாத்ரிச்சானா, க்ரிச்சா மூன்றிலும் குவாஞ்சாலே எனப்படும் பன்றித் தாடை இறைச்சி உண்டு. மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் இவற்றைச் சாப்பிடலாம். பன்றியை விலக்கும் குடும்பம் மூன்றையும் விலக்கிவிட வேண்டும். நான்காவதான காச்சோ எ பேப்பேயில் பெகொரினோ சீஸும் மிளகும் மட்டுமே. மிளகுப் பிரியர்களுக்கு இது வரம். ஆனால் பெகொரினோ ரொமானோவை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறையவைக்கிறார்கள். பார்மிஜானோ என்ற மற்றொரு சீஸுக்குக் கன்றின் இரைப்பை நொதி. இதைத் தெரிந்தும் சாப்பிடுகிற சைவர்கள் உண்டு, தெரிந்தபின் தொடாதவர்களும் உண்டு. முடிவு உங்களுடையது. பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

சீஸும் வேண்டாம் என்பவர்களுக்கும் வழியிருக்கிறது. தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய் சேர்ந்த பென்னே அர்ராபியாதா ரோமின் சொந்தச் சரக்கு, நம் நாக்குக்கும் ஏற்றது. தக்காளி, பூண்டு, ஒரிகானோ மட்டும் போட்ட மரினாரா பிட்சாவில் சீஸ் கிடையாது. காய்ந்த பாஸ்தா கோதுமையும் நீரும் மட்டுமே. புதிதாகப் பிசைந்த ஃபெத்துச்சீனே போன்றவற்றில் முட்டை இருக்கும்.

எங்கே கண்ணுக்குத் தெரியாமல் மீனும் இறைச்சியும் நுழைகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். புந்தாரெல்லே சாலட்டில் நெத்திலியை அரைத்து ஊற்றுவார்கள். பூசணிப்பூ பொரியலுக்குள் மொத்சரெல்லா சீஸோடு ஒரு நெத்திலியும் ஒளிந்திருக்கும். சுப்லி என்ற சோற்று உருண்டையில் வழக்கமாக இறைச்சிக் குழம்பு உண்டு. வசந்தக் காய்களின் கூட்டான வின்யரோலாவில் குவாஞ்சாலே போடுவோர் பலர். சூப்புக்கு எலும்புச் சாறு. ஆகவே ‘வெஜெதாரியானோ’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா அச்சூகே’ என்று இறைச்சி, மீன், நெத்திலி மூன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். இத்தாலிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ரோமப் பரிமாறுநர்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பேசினாலும், இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து சொல்வார்கள்.

ஒரு நாளை அடுக்கும் முறை

உணவக நேரங்கள் நம் பழக்கத்துக்கு ஒத்துவராது. மதியம் 12.30 முதல் 2.30 அல்லது 3 மணி வரை, பிறகு இரவு 7.30க்கு மேல். மாலை ஆறு மணிக்குக் குழந்தைக்குச் சோறு வேண்டுமென்றால் த்ராத்தொரியாவின் கதவு திறக்காது. அதனால் ஒரு நாளின் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வையுங்கள். ஒரு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிட்டால் கூட்டமும் குறைவு, குழந்தை சத்தம் போட்டாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மாலையில் துண்டு பிட்சாவோ வீட்டுச் சமையலோ போதும்.

வத்திக்கான் நாளை எடுத்துக்கொள்வோம். அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில், மாதத்தின் கடைசி ஞாயிறு நீங்கலாக, மூடியிருக்கும். காலை முதல் நுழைவுக்கு இணையத்தில் டிக்கெட் எடுங்கள். சிஸ்டைன் சிற்றாலயம் பார்த்து வெளியே வரும்போது எல்லோருக்கும் கால் கடுக்கும். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால், சிப்ரோ மெட்ரோ நிலையத்துக்கு அருகில் கப்ரியேலே பொன்சியின் பிட்சாரியம் என்ற துண்டு பிட்சா கடை. சதுரத் தட்டுகளில் பத்துப் பதினைந்து வகை பிட்சா விரிந்திருக்கும். அன்றைய சந்தைக் காய்தான் மேலே. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டி, எடைபோட்டு, சூடாக்கித் தருவார்கள். விலை கிலோவுக்கு எழுதியிருக்கும். முதல் முறை போகிறவர்கள் ஆசையில் பெரிய துண்டாகக் காட்டிவிட்டு ரசீதைப் பார்த்துத் திகைப்பது வழக்கம். உள்ளங்கை அளவில் நான்கு வகை வாங்குவது புத்திசாலித்தனம். உட்கார நாற்காலி இல்லை என்பதால் தாத்தா பாட்டியோடு போகிறவர்கள் இந்த இடத்தை யோசித்துச் சேருங்கள்.

கொலோசியத்துக்கு 30 நாள் முன்பிருந்து டிக்கெட் விற்பார்கள். பெயர் போட்ட டிக்கெட் என்பதால் கடவுச்சீட்டு வேண்டும். 18 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் பூஜ்யக் கட்டண டிக்கெட் பதிவு செய்தாகவேண்டும். இந்த நாளைச் சனி அல்லது ஞாயிறாக வைத்தால், சிர்க்கோ மாஸிமோ மைதானத்துக்குப் பக்கத்தில் சான் தியோதோரோ தெருவில் விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். வார இறுதியில் மட்டும் கூடும் சந்தை அது.

எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாத மதியம் ஒன்று உண்டென்றால், அது பழைய யூதக் குடியிருப்பில் செலவிடும் மதியம். 1555இல் போப் நான்காம் பவுல் ரோமின் யூதர்களை ஆற்றங்கரையின் சில தெருக்களுக்குள் அடைத்து மதில் எழுப்பினார். அந்த நெருக்கடியில் வாழ்ந்தவர்களின் சமையல்தான் கார்ச்சோஃபி அல்லா ஜூதியா. முழு ஆர்ட்டிசோக்கை எண்ணெயில் இரண்டு முறை பொரித்து, இதழ்களைப் பூவாக விரித்துத் தருவார்கள். வெளி இதழ் அப்பளமாக நொறுங்கும், நடுப்பகுதி வெண்ணெய் போல் இருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் கையாலேயே பிய்த்துச் சாப்பிடுவார்கள், நாமும் அப்படியே. இதற்கு நேர்மாறானது கார்ச்சோஃபி அல்லா ரோமானா: பூண்டும் காட்டுப் புதினாவும் அடைத்து, தலைகீழாக நிற்கவைத்து, எண்ணெயும் நீரும் ஒயினும் ஊற்றி மெதுவாக வேகவைப்பது. இரண்டையும் ஒவ்வொரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டால் எது உயர்ந்தது என்று மேசையில் சண்டை வரும். எனக்கு ரோமானாதான்.

போர்த்திகோ தொத்தாவியா தெருவின் உணவகங்கள் பலவும் யூத மத விதிப்படி நடப்பவை. அவற்றில் பால் வகை உணவகம், இறைச்சி உணவகம் என்று பிரிவு உண்டு. பால் வகை உணவகத்தில் மீன் இருக்கலாம், இறைச்சி மட்டும் இருக்கவே இருக்காது. சைவக் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. பன்றி இறைச்சி இரண்டிலும் இல்லை என்பதால் முஸ்லிம் நண்பர்களும் இங்கே வருவதுண்டு. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை இவை மூடியிருக்கும். அதே தெருவில் பெயர்ப்பலகை இல்லாத பொச்சோனே என்ற ரொட்டிக் கடையில், மேல்புறம் கருகியது போலத் தோன்றும், ரிக்கோத்தா சீஸும் புளிப்புச் செர்ரியும் வைத்த பணியாரத்தைக் கேளுங்கள். கருகியதல்ல, அதன் நிறமே அதுதான்.

மேசையில் உட்கார்ந்த பிறகு

முன்பதிவு இல்லாமல் நல்ல த்ராத்தொரியாவில், அதுவும் ஞாயிறு மதியம், இடம் கிடைக்காது. ஞாயிறு மதியம் ரோமக் குடும்பங்களே மூன்று தலைமுறையாக வந்து உட்காரும். ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். குழந்தைக்கு உயர நாற்காலி வேண்டுமென்றால் ‘செஜ்ஜொலோனே’ என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பல கடைகளில் ஒன்றுதான் இருக்கும்.

மெனுவில் அந்திபாஸ்தி, ப்ரிமி, செகொந்தி, கொந்தோர்னி, தோல்சி என்று ஐந்து பகுதி இருக்கும். முன்னுணவு, பாஸ்தா, இறைச்சி அல்லது மீன், காய், இனிப்பு என்ற வரிசை அது. ஐந்தையும் ஒருவர் வாங்கவேண்டியதில்லை. நான்கு பேருக்கு நடுவில் ஒரு முன்னுணவு, ஆளுக்கொரு பாஸ்தா, நடுவில் இரண்டு காய் போதும். செகொந்தியாகக் கேட்கும் இறைச்சித் தட்டில் இறைச்சி மட்டும்தான் வரும், காயைத் தனியாகக் கேட்கவேண்டும். பாஸ்தா பெரும்பாலும் 12 முதல் 16 யூரோவுக்குள் அடங்கும். சிறு பிள்ளைக்கு ‘பாஸ்தா அல் பொமொதோரோ’ என்றால் மெனுவில் இல்லாவிட்டாலும் தக்காளிக் குழம்போடு செய்து தருவார்கள். ‘மெத்ஸா போர்த்சியோனே’ என்று அரை அளவும் கேட்கலாம். பாஸ்தா நம் பழக்கத்துக்குக் கொஞ்சம் அரைவேக்காடாகத் தோன்றும். அதுதான் அவர்கள் பதம். பாட்டிக்கு மட்டும் ‘பென் கோத்தா’ என்று நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள், சமையல்காரர் பெருமூச்சு விட்டாலும் செய்வார்.

கேட்காமலே ரொட்டிக்கூடை வரும், பில்லில் அதற்குத் தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கும். அது ஏமாற்று வேலை அல்ல. தண்ணீரும் பாட்டிலாகத்தான் வரும், அதற்கும் விலை உண்டு. டிப்ஸ் கட்டாயமில்லை. மீன் விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. முழு மீனைக் கேட்கும் முன் எடைபோட்டு மொத்த விலையைச் சொல்லச் சொல்லுங்கள். மரத் தீயில் சுடும் வட்ட பிட்சா கடைகள் பல இரவில் மட்டுமே திறக்கும். அங்கே ஆளுக்கொரு முழுப் பிட்சா என்பது ரோம வழக்கம். தட்டைவிடப் பெரிதாக இருந்தாலும் மெல்லியது, சாப்பிட்டுவிடலாம்.

சந்தைக்குப் போய் ஒருவேளை சமைப்பது

டெஸ்டாச்சோ சந்தை 2012இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. காலையில் திறந்து பிற்பகலில் மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. பத்து மணிக்குப் போங்கள். காய்களைக் கையால் தொட்டு அழுத்திப் பார்க்கும் நம் பழக்கத்தை வெளியே விட்டுவிடுங்கள். கடைக்காரருக்கு அது பிடிக்காது. என்று சமைக்கப் போகிறீர்கள் என்று சொன்னால், அன்றைக்கு ஏற்ற பழுத்ததை அவரே எடுத்துத் தருவார். சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்து, நாமே எடைபோட்டு விலைச்சீட்டை ஒட்டவேண்டும். ஒட்டாமல் காசாளரிடம் போனால் பின்னால் நிற்கும் வரிசை முழுதும் உங்களைப் பார்க்கும்.

ஆர்ட்டிசோக்கை ஆய்வது வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குப் பழகிய வேலை. முற்றிய வெளி இதழ்களை ஒடித்துத் தள்ளி, கருக்காமல் இருக்க எலுமிச்சை பிழிந்த நீரில் போடுவது. நேரமில்லையென்றால் கடைக்காரரே சிறு கத்தியால் சுற்றிச் சுற்றிச் சீவித் தருவார். அந்தக் கைவேகத்தைக் குழந்தைகளை நிறுத்திப் பார்க்கவையுங்கள்.

வீட்டுக்கு வந்து வின்யரோலா செய்யலாம். வெங்காயத்தாளை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, நான்காக வெட்டிய ஆர்ட்டிசோக்கைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து உரித்த ஃபாவே, பிறகு பட்டாணி, கடைசியில் நறுக்கிய ரோமைன் லெட்டூஸ், புதினா, உப்பு. காய்கள் குழைந்து ஒன்றோடொன்று சேரவேண்டும், நிறம் மங்கிப்போனால் கவலைப்படாதீர்கள். இறைச்சி இல்லாமலும் குறை தெரியாது. ரொட்டியோடு சாப்பிடுவது முறை. சோற்றில் பிசைந்தாலும் தேவாமிர்தம்.

சோறு என்றதும்: தெர்மினிக்கு அருகே பியாத்சா வித்தோரியோ பக்கத்தில் எஸ்க்விலினோ சந்தை இருக்கிறது. வங்காளதேசத்தவரும் பிற ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும் வாங்கி விற்கும் இடம். பாஸ்மதி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய், மசாலாக்கள் எல்லாம் கிடைக்கும். தயிர் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் உண்டு, இனிப்பில்லாத வெள்ளைத் தயிரா என்று மட்டும் பார்த்து எடுங்கள். மூன்றாம் நாள் தயிர்சாதம் கேட்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். ஒரு வேளை அதற்கு ஒதுக்குவதில் வெட்கம் வேண்டாம். அதே பகுதியில் 1916இலிருந்து நடக்கும் ரெகோலி என்ற இனிப்பகத்தில் மரிதோத்சோ வாங்குங்கள். பிளந்த பன்னுக்குள் சர்க்கரை குறைவான கிரீமை மலைபோல் அடைத்தது. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.

காபி, ஐஸ்கிரீம், தண்ணீர்

காபிக் கடையை இங்கே ‘பார்’ என்கிறார்கள், குழந்தைகளோடு நுழையத் தயங்கவேண்டாம். நின்றபடி குடிக்கும் எஸ்பிரெஸோ ஒன்றரை யூரோவுக்குள். மேசையில் உட்கார்ந்தால் விலை இரண்டு மூன்று மடங்காகலாம். பல கடைகளில் முதலில் பணம் கட்டி ரசீதை எடுத்துக்கொண்டுதான் காபி போடுபவரிடம் போகவேண்டும். பில்டர் காபிப் பிரியர்களுக்கு எஸ்பிரெஸோ கசக்கும், கப்புச்சினோ பால் அதிகம். நடுவில் ‘மக்கியாதோ’ என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சினோ கேட்டால் தருவார்கள், ஆனால் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும்.

ஜெலாதோ கடையில் பிஸ்தாவின் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை என்றால் நகருங்கள், மங்கிய பழுப்புப் பச்சையே உண்மையான பிஸ்தா. கண்ணாடிக்குப் பின்னால் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கும் கடைகளைவிட, மூடி போட்ட உலோகப் பாத்திரங்களில் வைத்திருக்கும் கடைகளை நம்பலாம்.

வெளியே சுற்றும்போது தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஊர் முழுவதும் நசோனி என்ற இரும்புக் குடிநீர்க் குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன. முதலாவது 1874இல் நட்டது. குளிர்ந்த, நல்ல குடிநீர். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் பீறிடும், குனியாமல் குடிக்கலாம். குழந்தைகள் அங்கேயே நனைந்து நிற்பார்கள், மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

பெட்டியில் எதை எடுத்துப்போவது, எதைக் கொண்டுவருவது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக்கூடாது. நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் என்று யோசிப்பதெல்லாம் வேண்டாம். கறிவேப்பிலையும் கூடாது, பச்சை இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் தேவை. கைக்குழந்தையின் பால் பவுடருக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் பத்திரமாகப் போய்ச் சேரும். நல்லெண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

திரும்பும்போது ஆலிவ் எண்ணெயைத் தகர டப்பாவில் வாங்கிப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். உப்பிலிட்ட கேப்பர் பூமொட்டுகள், காய்ந்த பாஸ்தா, காபித்தூள் ஆகியவற்றுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. புறப்படும் நாள் ஞாயிறோ திங்களோ என்றால் வாங்கவேண்டியதையெல்லாம் சனிக்கிழமை மதியத்துக்குள் டெஸ்டாச்சோ சந்தையில் வாங்கி முடித்துவிடுங்கள். விமான நிலையத்தில் அதே டப்பாவுக்கு விலை அதிகம்.